ஏரி திறக்கும் வரை

முதல் கோடையில் முட்டி வலி.
இரண்டாவதில் நைட் ஷிப்ட்.
மூன்றாவதில், ஈரச் சேலையோடு
இத்தனை பேர் முன்னால் எப்படி நிற்பதென்று
சேலையின் மேல் பழி போட்டேன்.
அப்புறம் இரண்டு கோடைகள்
காரணம்கூடச் சொல்லவில்லை.
கிம்லி கரையில் மடக்கு நாற்காலி போட்டு
மற்றவர்கள் மூழ்கி எழுவதைப் பார்த்து
துண்டு எடுத்துக் கொடுத்தேன்.
துண்டு கொடுப்பதில் நான் கெட்டி.

பாஸ்டர் சைலஸ் ஒரு நாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டு
வேறு சபைக்குப் போயிருப்பேன்.
அது அவருக்கும் தெரியும்,
அவரை அனுப்பியவருக்கும்.

பிப்ரவரியில் வந்தது.
வினிபெக்கில் மைனஸ் முப்பத்தெட்டு.
ஆஸ்பத்திரி லாண்டரியில் விடிகாலை நாலு மணி.
டிரையரிலிருந்து இழுத்த படுக்கை விரிப்பின்
இரு முனைகளைப் பிடித்தபடி நிற்கிறேன்;
எதிர் முனையைப் பிடிக்க வேண்டிய ரோவீனா
கழிப்பறைக்குப் போயிருந்தாள்.
வெளிச்சம் இல்லை, குரல் இல்லை.
துணி சூடாக இருந்தது, அவ்வளவுதான்.
இனி பயமில்லை என்று தோன்றவில்லை.
பயத்தோடேயே போகலாம் என்று தோன்றியது.

ஆறு மணிக்குப் போன் செய்தேன்.
"பாஸ்டர், நான் ரெடி. இந்த வாரமே."
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு.
"அக்கா, ஏரி மேல இப்ப லாரி ஓடுது."

எங்கள் சபைக்குத் தொட்டி கிடையாது,
கூரையே வாடகை.
நீச்சல் குளம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்.
குளோரின் நாற்றத்தில் செத்துப் பிழைக்க
எனக்கு மனசில்லை.
"காத்திருக்கேன்" என்று வைத்துவிட்டு
காருக்குள் உட்கார்ந்து சண்டை போட்டேன்,
பாஸ்டரோடு அல்ல.
ஐந்து வருஷம் கதவைத் திறந்து வைத்துவிட்டு
நான் செருப்பு மாட்டியதும் பூட்டுவீரா?
கண்ணாடியில் என் மூச்சு உறைந்தது.
பதில் ஒன்றும் அதில் எழுதப்படவில்லை.

வாசலில் பனி அள்ளிக்கொண்டே வீட்டுக்காரர்,
"போகாதேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?" என்றார்.
சொன்னதில்லை.
சொல்லட்டும் என்றுதான்
இத்தனை நாள் காத்திருந்தேனோ என்னவோ.

மார்ச் நீளம். ஏப்ரல் அதைவிட.
செய்ய ஒன்றுமில்லாத காத்திருப்பில்தான்
பூங்கொடியின் நம்பரை அழுத்தினேன்.
நாமக்கல்லில் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர்,
ஒரு கையெழுத்து, ஒன்பது வருஷ வீம்பு.
முதல் தடவை எடுக்கவில்லை.
மூன்றாவது தடவை எடுத்து,
"யாரு செத்துட்டாங்க?" என்றாள்.
"யாருமில்ல. நான்தான், ஜூன்ல" என்றேன்.
விளக்கிச் சொல்ல அரை மணி ஆனது.
அவளுக்குப் பிடிக்கவில்லை.
"பேரை மாத்திடுவாங்களா?" என்றாள் கடைசியில்.
"இல்லடி. தனலட்சுமிதான்."
"அப்பச் சரி" என்று அழுதாள்;
மழை இல்லை, மோட்டார் ஓடவில்லை என்று
அதையும் சேர்த்து அழுதாள்.
கோடையில் ஏரி திறந்திருந்தால்
இந்தப் போன் நடந்திருக்காது.
அந்தக் கணக்கைப் போட்டது பிறகு.
அன்று காது சுட்டதுதான் தெரிந்தது.

மே மாதம் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து
ஒரு மணி நேரம் ஓட்டிப்போய்ப் பார்ப்பேன்.
சாம்பல் நிறப் பனிக்கட்டி. அடுத்த வாரமும் அதேதான்.
காற்று திரும்பிய ஒரு நாளில்
குச்சி குச்சியாய் உடைந்து
கரையில் கலகலவென்று குவிந்துகிடந்தது,
யாரோ வளையல் பெட்டியைக் கொட்டியதுபோல்.

ஜூன் முதல் சனி.
பாஸ்டருக்கு ஒரு மீன்காரரின் ரப்பர் கால்சட்டை;
எனக்குப் பழைய சுடிதார்.
கிம்லியில் தண்ணீர் ஆழமில்லை.
இடுப்பளவு வேண்டுமென்றால் நெடுந்தூரம் நடக்க வேண்டும்.
கண்ணை மூடிக் குதித்துவிட முடியாது.
ஒவ்வோர் அடியிலும் திரும்பலாம்.
கணுக்காலில் எலும்பைக் கடித்தது குளிர்.
முழங்காலில், முட்டி வலி ஞாபகம் வந்தது.
கரையில் ரோவீனா துண்டோடு நின்றாள்.

பின்னாலிருந்து பாஸ்டர், பல் தந்தியடிக்க,
"ரொம்பக் குளிருதே அக்கா,
வேணும்னா அடுத்த வாரம்..." என்று தொடங்கினார்.

திரும்பிப் பார்த்தேன்.
அவர்தான் இன்னும்
முழங்கால் தண்ணீரில் இருந்தார்.